முன்னால் நின்றவரின் முதுகு

வயதானவர் ஒருவர் சொன்னதையே திரும்பச் சொன்னால், பெற்ற பிள்ளையின் பேரை மறந்தால், கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்துகொண்டு குளிருகிறது என்றால், "அவருக்குப் புத்தி மந்தமாயிருச்சு, விடு" என்று ஒரு மூலையில் பாயைப் போட்டுவிடுகிறோம். என்னையும் அப்படித்தான் போட்டார்கள். ஆண்டவர் இரக்கத்தால் அந்தப் பாயிலிருந்து எழுந்து வந்து இதை எழுதுகிறேன். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நடந்தது நடந்தபடிதான். எனக்கு நினைவிருப்பது கொஞ்சம். மிச்சத்தை என் மனைவி ஞானம்மாவும் மகன் ஆரோக்கியமும் பக்கத்துக் கட்டிலில் கிடந்த சுப்பையாவும் சொல்லக் கேட்டுச் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கம். என் பேர் சவரிமுத்து. மழையை நம்பிக் கடலை போடுகிற குடும்பம். வாலிபத்தில் மலாயாவுக்குப் போய், ஈப்போவுக்கு வெளியே ஒரு சீன முதலாளியின் மரவாடியில் வாட்ச்மேனாக இருந்தேன். புதுக்கோட்டை சமஸ்தானம் முடிந்த வருஷம்தான் கப்பல் இறங்கி ஊர் திரும்பினேன். அந்த மரவாடியைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் ஆஸ்பத்திரியில் நடந்தது விளங்காது.

முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். அவருடைய அப்பாவைக் கிழத் தவுக்கே என்போம். எண்பது தாண்டியவர். ஆனால் வாடியில் கிடக்கும் ஒவ்வொரு மரமும் எந்தக் காட்டில் வெட்டியது, எந்த மழையில் வந்து இறங்கியது என்று கணக்கப்பிள்ளைக்கே அவர்தான் சொல்வார். விடிந்ததும் ரம்பம் ஓடத் தொடங்குமுன், கட்டைகளுக்கு நடுவே வெற்றிடத்தில் நின்று கையையும் காலையும் மெதுவாக நடத்துவார். அது ஆட்டமும் இல்லை, சண்டைப் பயிற்சியும் இல்லை. வைக்கோல் கட்டை அணைத்துத் தூக்குவதுபோல ஒன்று, படகை மெல்லத் தள்ளிவிடுவதுபோல ஒன்று, முகத்துக்கு முன்னால் தொங்கும் புகையை விலக்குவதுபோல ஒன்று. ஒன்று முடிவதற்குள் அடுத்தது அதிலிருந்தே பிறந்துவிடும். சீன பாஷையில் அதற்கு ஒரு பேர் உண்டு. என் வாயில் நுழையவில்லை.

காவலுக்கு நிற்கிறவனுக்கு அந்த நேரத்தில் என்ன வேலை? அவருக்குப் பின்னால் நின்று நானும் செய்து பார்த்தேன். அவர் கூப்பிடவும் இல்லை, விரட்டவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒரு தடவை மட்டும் சந்தை மலாயில் கேட்டேன், இது எதற்கு என்று. "கையை மெதுவா நடத்து. தலை பின்னாலேயே வரும். கிழவனுக்கு முதல்ல கால் மறக்கும். அதுக்கப்புறம்தான் பேரெல்லாம் மறக்கும்" என்றார்.

ஆனால் அதை நான் முடிவு வரை பார்த்ததில்லை. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு கையும் தலைக்கு மேல் மெல்ல எழும்போது, லாரிக்காகக் கேட் மணி அடித்துவிடும். நான் கையைத் தொங்கப்போட்டுவிட்டு ஓடிவிடுவேன். ஒரு நாளும் தவறியதில்லை.

ஜப்பான்காரன் வந்தான். சீன ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிழத் தவுக்கேயும் ஏறினார். அவசரமே இல்லாமல், அந்தப் பயிற்சியில் கால் எடுத்து வைப்பதுபோலவே ஏறினார். போனவர் வரவில்லை. அன்றும் நான் பார்த்தது முதுகைத்தான்.

ஊருக்கு வந்தபின் சில காலம் வரப்பில் நின்று செய்தேன். "சவரிமுத்து காத்துல மாவு பெசையிறான் டோய்" என்று சிரித்தார்கள். வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

பல வருஷம் கழிந்து எனக்கு நோய் வந்தது. எந்த நாளில் வந்தது என்று சொல்ல முடியாது. சுவரில் ஈரம் ஏறுவதுபோல வந்தது. முதலில் நடை தளர்ந்தது. பிறகு குரல் தவளைக் குரலாயிற்று. முகம் ஊதியது. மாசி வெயிலில் போர்வை கேட்டேன். மகனை, செத்துப்போன என் தம்பியின் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இதற்கெல்லாம் வீட்டில் யாரும் பயப்படவில்லை. தவக்காலத்தின் முதல் ஞாயிறு பூசைக்குப் போனபோதுதான் பயந்தார்கள். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்துவிட்டு அப்படியே நின்றேனாம். கை நெற்றிக்குப் போகவில்லை. சிலுவை போடுவது மறந்துவிட்டது. பேச்சு வருமுன்னே என் தாய் என் கையைப் பிடித்துச் சொல்லித்தந்தது அது. ஞானம்மா என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்தாளாம். வைத்த இடத்திலேயே கை நின்றதாம்.

அவளுடைய அண்ணன் சூசை எங்கள் ஊர் உபதேசியார். பங்குச் சாமியார் வராத நாட்களில் செபம் சொல்லி வைப்பதும், சாவுக்குப் போவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்வதும் அவர்தான். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"வயசாயி மறந்தவன் எல்லாத்தையும் மறப்பான், சிலுவையை மறக்க மாட்டான். இது மாப்பிள்ளையோட கப்பல்ல வந்தது" என்றார். ஒரு மலையடிவாரத்து அந்தோணியார் கோயிலைச் சொன்னார். பேய் பிடித்தவர்களைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டி வைக்கிற இடம். அங்கே போய் வருஷக்கணக்கில் திரும்பாதவர்களை எங்களுக்குத் தெரியும்.

"மாமா, ஒரு தடவை ஆஸ்பத்திரியில காட்டிருவோம்" என்று மகன் கெஞ்சினான்.

"காட்டு. பாஸ்கு வரைக்கும் ஒங்க ஆஸ்பத்திரி. பாஸ்குக்கு மறுநா என் வண்டி வாசல்ல நிக்கும்."

இதுதான் பேச்சு. பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளுக்குள் என் புத்தி திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலி.

புதுக்கோட்டை போகிற வழியில் அப்போது கன்னியர்கள் நடத்திய ஒரு சிறு ஆஸ்பத்திரி இருந்தது. காத்திருக்கிற தாழ்வாரத்தில் என்னை உட்கார வைத்தார்கள். என்னோடு காத்திருந்தவர்கள் இருமினார்கள், முனகினார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். எனக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. டாக்டரம்மா மலையாள தேசத்துக் கத்தோலிக்கப் பெண். நாக்கைப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், ரத்தம் குறைவு என்றார். "வயசுக்கு உண்டான மறதிதான். கொஞ்ச நாள் இருக்கட்டும், பார்க்கலாம்" என்று கட்டில் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ராத்திரிதான் பயம் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு ராத்திரிகள் இல்லவே இல்லை. கல்லைக் கிணற்றில் போட்டதுபோலத் தூங்கினேன். எனக்குப் பயம் உச்சிப்பொழுதில் வந்தது.

வார்டுக்கு வெளியே தாழ்வாரம். அதற்கப்பால் வெறும் முற்றம், வெள்ளையடித்த நீளச் சுவர். ஒரு மத்தியானம், எல்லாரும் கஞ்சி குடித்துக் கண் அசந்த நேரம், போர்வையோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். முற்றத்தில் சுவரைப் பார்த்தபடி ஒருவர் நின்றார். கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய நரைத் தலை. முதுகு எனக்குப் பழக்கமான முதுகு. மகன் பேர் தெரியாத எனக்கு அந்த முதுகைத் தெரிந்தது. அவருக்கு நிழல் இல்லை என்று கவனித்தேன். பிறகு, உச்சிவேளையில் யாருக்குத்தான் நிழல் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயம் போய்விட்டது. அதை இப்போது நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

அவர் கையை அசைத்தார். நான் எழுந்து நின்றேன். வைக்கோல் கட்டை அணைத்தேன். படகைத் தள்ளினேன். புகையை விலக்கினேன். இரண்டு கையும் தலைக்கு மேல் எழுந்தபோது கோயிலில் உச்சி மணி அடித்தது. கையைத் தொங்கப்போட்டுவிட்டு, கேட்டைத் திறக்கப் போக வேண்டும் என்று வாசல் பக்கம் நடந்தேனாம். ஞானம்மா ஓடி வந்து பிடித்தாள்.

மறுநாளும் அதே நேரம், அதே முதுகு. அதன் மறுநாளும்.

பக்கத்துக் கட்டில் சுப்பையா விராலிமலையில் பலசரக்குக் கடைக்காரர். வண்டி கவிழ்ந்து கால் முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வாய் மட்டும் முறியவில்லை. "ஏம்மா, ஆளே இல்லாத எடத்துல ஒங்க வீட்டுக்காரரு யாரோட கபடி ஆடுறாரு? அதுவும் இம்புட்டு மெதுவா? இந்த வேகத்துல தொட்டா அந்தப் பய வீட்டுக்குப் போயிச் சோறு தின்னுட்டு வந்துருவானே!"

ஞானம்மா சிரிக்கவில்லை. அவள் வேறொன்றைப் பார்த்துவிட்டாள். உச்சி மணி அடிக்கையில் கை இரண்டையும் மேலே தூக்குகிறேன். முகம் சுவர்ப் பக்கம், முதுகு ஜனங்கள் பக்கம். பூசையில் பீடத்தைப் பார்த்து நின்று சாமியார் அப்பத்தைத் தலைக்கு மேல் எழுப்புவது அப்படித்தானே. எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. காணிக்கை வாங்கிக்கொண்டு, பூசையை வைக்காமலே இறந்துபோன சாமியார், பாவக்கடன் தீர ஆத்துமாக்கள் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து விடுபட மாட்டார். ஆள் நடமாட்டம் ஓய்ந்த நேரத்தில் வந்து, பூசை உதவிக்கு ஒரு ஆள் கிடைக்குமா என்று காத்து நிற்பார். உதவிக்காரன் கடைசி வரை நின்றால் அந்த ஆத்துமா மோட்சம் போகும், உதவிக்காரனுக்கு வேண்டிய வரம் கிடைக்கும்.

"பேய் இல்லண்ணே. செத்துப்போன சாமியாரு. இவுக உதவிக்கு நிக்கிறாக" என்று வந்திருந்த அண்ணனிடம் சொன்னாள்.

"உதவிக்காரனுக்குச் சிலுவை போடத் தெரியாதாக்கும்?" என்றார் சூசை.

மறுநாள் மத்தியானம் ஞானம்மா எனக்குப் பின்னால் முக்காட்டைப் போட்டுக்கொண்டு முழந்தாள் இட்டாள். அதைப் பார்த்து ஆவூர்ப் பக்கத்து நோயாளிகள் இரண்டு பேர் இட்டார்கள். அடுத்த நாள் வார்டில் எழுந்து நிற்க முடிந்த கிறிஸ்தவர்கள் எல்லாரும் தாழ்வாரத்தில் இருந்தார்கள். நான் ஒன்றும் அறியேன். எனக்கு முன்னால் அந்த முதுகு, அவ்வளவுதான். கன்னியரில் இளையவரான சின்ன சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "தெய்வ தூஷணம்!" என்று ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்.

டாக்டரம்மா யாரையும் விரட்டவில்லை. தூணில் சாய்ந்து முழுக்கப் பார்த்தார். பிறகு என்னை உட்கார வைத்துக் கேட்டார்.

"உங்க பேர் என்ன?"

யோசித்துச் சொன்னேன்.

"இந்தப் பையன் யாரு?"

மகனைப் பார்த்தேன். தெரியவில்லை.

"இப்ப செஞ்சீங்களே, அதுல கையைப் படகு தள்ளுற மாதிரி வச்சதுக்கு அப்புறம் எந்தக் கால் பின்னாலே போகணும்?"

நான் எழுந்து, இடது காலைப் பின்னால் வைத்துக் காட்டினேனாம்.

"வயசாகி அணைஞ்சு போற விளக்கு இப்படி எரியாது. உள்ளே எல்லாம் இருக்கு. எதுவோ திரியை இறக்கி வச்சிருக்கு" என்றார். என்னை நாற்காலியில் மண்டியிட வைத்து, பாதத்தைத் தொங்கவிட்டு, ரப்பர்ச் சுத்தியலால் குதிகாலுக்கு மேல் நரம்பில் தட்டினார். எல்லாருக்கும் பாதம் வெடுக்கென்று ஆடித் திரும்பும். என் பாதம் ஆடியது, திரும்பி வரவே மனமில்லாததுபோல மெதுவாக வந்தது. டாக்டரம்மா மறுபடி தட்டினார். மறுபடியும் அப்படியே. "ஆஹா" என்றார். என் புருவத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். மயிர் உதிர்ந்திருந்தது.

திருச்சிக்கு ரத்தம் அனுப்பினார்கள். சீட்டு வந்தபின் எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஊறுகிற ரசம்தான் உடம்பு என்ற வண்டிக்கு மசகு. அது வற்றினால் சக்கரம் இறுகும். நடை, பேச்சு, மலம், சூடு, கடைசியில் நினைப்பு வரை எல்லாம் இறுகிப்போகும். இல்லாத ஆள்கூடக் கண்ணுக்குத் தெரிவதுண்டாம். மருந்து உண்டு, ஒரு சிறு மாத்திரை. தினமும் தவறாமல், ஆயுள் முழுக்க.

"எப்ப சரியாகும்?" என்றான் மகன்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான். பாஸ்குக்குள்ளே வித்தியாசம் தெரியணும்."

மகன் கடலை மூட்டைகளை விற்று மருந்துக்குக் கட்டினான். தினமும் சைக்கிளில் தூக்குச்சட்டியில் சுடுகஞ்சி கொண்டு வருவான். ஞானம்மா மணலை வறுத்து மூட்டை கட்டி என் பாதத்தில் வைப்பாள். சுப்பையாவின் சம்சாரம் நார்த்தங்காய் ஊறுகாய் தருவாள். "திங்கட்டும் தாயி, உப்பு ஒறப்பு பட்டாவது நாக்கு முழிச்சுக்கிரட்டும்." இத்தனை செய்தும் எனக்குக் குறையவில்லை. கூடிக்கொண்டே போயிற்று.

அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது வேறு. முன்னால் நிற்கிறவர் திரும்பத் தொடங்கியிருந்தார்.

முதலில் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிறகு ஒரு மத்தியானம் இடது காது தெரிந்தது. காதில் ஒரு நரை மயிர் வெயிலில் மின்னியது. அதற்குச் சில நாள் கழித்துக் கன்னத்தின் எலும்பு. தினமும் ஒரு விரற்கடை. உச்சி மணி அடிக்கிறவரை அவர் கைகள் மேலே எழும், மணி அடித்ததும் நான் கையைப் போட்டுவிடுவேன், அவர் அத்தோடு நிற்பதில்லை, அவருக்குத் திறக்க வேண்டிய கேட்டும் இல்லை, மணியும் இல்லை. முழுக்கத் திரும்பிவிட்டால் அவரோடு லாரியில் ஏற வேண்டும் என்பது எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஏறுவதற்கு எனக்குச் சம்மதமாயும் இருந்தது. வீடு, மனைவி, கடலைக்காடு எதுவும் அந்தப் பக்கம் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. பயமில்லாமல் இருந்தேனே, அதைத்தான் இன்றைக்கும் நினைத்துப் பயப்படுகிறேன்.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் சூசை வந்துவிட்டார். பாஸ்கு வரை பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் கண் திறந்தபடி கிடந்தேன். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. மகன் அழுதான். டாக்டரம்மா வந்து குதிகாலில் தட்டினார். பாதம் போன மாதத்தைவிட மெதுவாகத் திரும்பியது.

"மாத்திரை முழுங்குறாரா?" என்றார் ஞானம்மாவிடம்.

அவளுக்குப் பொய் வராது. தலையைக் குனிந்தாள். இடுப்பில் செருகியிருந்த செபமாலைப் பையை எடுத்து, டாக்டரம்மாவின் கையில் கவிழ்த்தாள். செபமாலையோடு மாத்திரைகள் உதிர்ந்தன.

நடந்தது இதுதான். மாத்திரையை முதல் நாள் கொடுத்த சின்ன சிஸ்டர், இது ஆட்டுக் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்து இடித்துச் செய்தது என்று விளக்கமாய்ச் சொல்லியிருக்கிறார். தவக்காலம். எங்கள் வீட்டில் அந்த நாற்பது நாளும் கவிச்சி வாசமே வராது. அதிலும் புருஷன் பூசை உதவிக்கு நிற்கிறவர். ஆட்டு மாமிசத்தை வாயில் போட்டுக்கொண்டு எப்படி நிற்பார்? பாஸ்கு அன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று பத்திரமாக வைத்திருக்கிறாள்.

"அடி பாவி மகளே!" என்றார் சுப்பையா, காலை மறந்து எழப் பார்த்து.

டாக்டரம்மா மாத்திரைகளை விரலால் தள்ளி எண்ணினார். சூசையைப் பார்த்தார். "நீங்க உபதேசியார்தானே? எனக்கு ஒரு சந்தேகம். நீங்கதான் சொல்லணும். நோயாளி சாப்பிடுற மருந்து நோன்பை முறிக்குமா?"

ஞானோபதேசத்தில் கேள்வி கேட்டால் சூசைக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். தொண்டையைச் செருமினார். "நோயாளிக்கு நோன்புக் கடனே கெடையாதுங்களே! மருந்துன்னா அது மாமிசமாகாது. திருச்சபை அம்புட்டுக் கல்நெஞ்சு இல்ல." பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "ஏன்டி, ஒங்கூடப் பொறந்தவன் உபதேசியாருன்னு ஊரே வந்து கேக்குது. ஒனக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலயா? கொடுடி மாத்திரையை!" என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் தான் எந்தப் பக்கம் பேசிவிட்டோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மாத்திரை கொடுக்கச் சொன்னவர் அது வேலை செய்யும்வரை காத்திருக்கத்தானே வேண்டும்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாஸ்குக்கு மறுநா இல்ல, பரிசுத்த ஆவித் திருநாளுக்கு வாரேன்" என்று போய்விட்டார். அது பாஸ்குக்கு அப்புறம் ஐம்பது நாள் தவணை.

ஞானம்மா மட்டும் அங்கேயே நின்றாள். "அப்ப பூசை?" என்றாள்.

டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டார். "உதவிக்காரர் விழுந்துட்டா பூசையை யார் முடிக்கிறது? முதல்ல அவரை நிக்க வைப்போம். நானும் நோன்புதான். என் கையாலேயே கொடுக்கிறேன்."

அன்றிலிருந்து காலையில் அவரே வந்து கொடுத்தார். வித்தியாசம் உடனே தெரியவில்லை. நெஞ்சு படபடக்குமோ என்று கால் பங்கு, அரைப் பங்காகத்தான் ஏற்றினார்கள். பெரிய வெள்ளி, பாஸ்கு எல்லாம் எனக்குத் தெரியாமலே கடந்தன. ஒரு நாள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, "என்ன இப்படிப் புழுங்குது" என்றேனாம். ஞானம்மா என் நெற்றியில் வேர்வையைத் தொட்டுப் பார்த்து, அந்த விரலைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். மாதக்கணக்கில் எனக்கு வேர்த்ததே இல்லை.

மத்தியானங்களில் அவர் வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் இப்போது கன்னம் தெரியவில்லை, காது மட்டும். பிறகு காதும் இல்லை. பிறகு முதுகு வெயிலில் நைந்த துணிபோல வெளிறிற்று. ஒரு நாள் முற்றத்தில் சுவர் மட்டும் இருந்தது. நான் தாழ்வாரத்தில் தனியாக நின்று அதைச் செய்தேன். காலைத் தூக்கி வைக்கையில் தள்ளாடினேன். அதுவரை தள்ளாடியதில்லை.

சின்ன விஷயம் ஒன்று. ஒரு காலை கஞ்சி வந்தது. தூக்குச்சட்டியை வாங்குமுன் என் கை தானாக நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, இடது தோள், வலது தோள் தொட்டது. எனக்கு அதில் விசேஷம் தெரியவில்லை. நிமிர்ந்தால், தூக்குச்சட்டியைப் பிடித்தபடி நின்ற மகன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா ஆரோக்கியம், கஞ்சி ஆறுது" என்றேன்.

பேரைச் சொன்னேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவன் வெளியே போய்விட்டான். சுப்பையாதான் கட்டிலைத் தட்டித் தட்டிக் கூவினார், "கபடிக்காரரு வீடு திரும்பிட்டாருடோய்!"

சொன்னபடி சூசையின் வண்டி வந்தது. சங்கிலி இல்லை. வைக்கோலைப் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்திருந்தார். "ஏறுங்க மாப்ளே. ரெண்டு மாடும் ஒங்கள மாதிரியே மெதுவாத்தான் போகும்" என்றார். விடைபெறும்போது டாக்டரம்மா சொன்னது: "மாத்திரைதான் மருந்து. அதுல மாத்தமில்லே. ஆனா அந்தப் பயிற்சியை விடாதீங்க. நீங்க உள்ளே இருக்கீங்கன்னு எனக்குக் காட்டிக் கொடுத்தது அதுதான்." மூப்பில் கால் உறுதிக்கும் நினைப்பு கலையாமல் இருப்பதற்கும் அது நல்லது என்றே தனக்குத் தோன்றுகிறது, ஆனால் படித்த புத்தகத்தில் அப்படி இல்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன் என்றார்.

வீட்டில் ஒரு நாளும் விடவில்லை. ஊரார் சிரிப்பதையும் சட்டை செய்வதில்லை. விடியற்காலம், களத்து மேட்டில். சில மாதம் கழித்து ஞானம்மா எனக்குப் பின்னால் வந்து நின்று தானும் செய்யத் தொடங்கினாள். "சும்மா நிக்கிறதுக்கு இதைச் செஞ்சாலாவது மொழங்கால் வலி தீருதான்னு பாப்போம்" என்றாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் அப்படிக் கற்றவன்தானே. எனக்குத் தெரிந்த இடம் வரை செய்வேன். கை இரண்டும் மேலே எழும். அங்கே நிறுத்தி, கண்ணை மூடி ஒரு பரமண்டல மந்திரம் சொல்லி முடித்துக்கொள்வேன்.

போன அறுப்புக்கு முன்னால் ஒரு காலையில், நான் கையைத் தொங்கப்போட்ட பிறகும் பின்னால் அவள் பாதம் மண்ணில் உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தலைக்கு மேல் எழுந்த கைகளை அகல விரித்து, தூங்குகிற பிள்ளைக்குத் துணி போர்த்துவதுபோல மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள். இறக்கிக்கொண்டே வலது காலைச் சுழற்றி முழுக்கத் திரும்பினாள். முடிந்ததும் நெஞ்சுக்கு நேரே கை குவித்தாள். நான் ஈப்போவில் எந்தக் காலையிலும் பார்க்காத முடிவு அது. ஆனால் அது அதன் முடிவுதான். பார்த்ததும் தெரிந்தது. மற்ற எல்லா அசைவும் அதில் வந்து அடங்கின.

"இதை எங்கே படிச்ச?" என்றேன்.

"எங்க போயிப் படிப்பேன்? ஆஸ்பத்திரியில தெனமும் ஒங்க பின்னாலதானே முழங்கால் போட்டிருந்தேன். நீங்க மணி அடிச்சதும் கையைப் போட்டுட்டு வாசலைப் பாக்கப் போயிருவீக. அந்தச் சாமியாரு பாதியில விட்டாராக்கும்? முடிச்சுட்டுத்தான் போவாரு."

"நீ அவரைப் பாத்தியா?"

"பாக்காமத்தான் முழங்கால் போட்டேனாக்கும்!" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கறுப்புக் கால்சட்டை போட்ட சாமியாரை நானும் அதுவரைக்கும் கண்டதில்ல. எந்த தேசத்துச் சாமியாரோ."

களத்து மேட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காற்றுகூட இல்லை.

"அவர் திரும்பினாரா, ஞானம்?"

"பூசை முடிஞ்சா ஆசீர்வாதத்துக்குத் திரும்பத்தானே செய்வாரு? கடைசியில ஒரு நா முழுசாத் திரும்புனாரு. ஒங்களப் பாத்துத்தான். எம்புட்டு நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு." அவள் கூந்தலை முடிந்துகொண்டாள். "அன்னிக்கு நீங்க வாசலுக்குப் போகாம, நின்ன எடத்துலயே கண்ணை மூடிக்கிட்டீக. அதுக்கு மறுநாதான் போர்வையை உதறுனீக."

வீட்டுக்குள் போய் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்தாள். அன்று வெள்ளிக்கிழமை, எங்களுக்குக் கவிச்சி ஆகாத நாள். வாங்கி முழுங்கினேன்.

இப்போது நான் கடைசி வரை செய்கிறேன். அந்த முடிவை அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். அந்த ஆத்துமா இளைப்பாற வேண்டும் என்று தினமும் ஒரு மந்திரமும் சொல்கிறேன். எல்லாம் சரியாக வருகிறது. திரும்புகிற அந்த இடத்தில் மட்டும், இன்றைக்கும், கண்ணை மூடிக்கொள்கிறேன்.